ஆறு கிலோ

"அந்த நோட்ட மொதல்ல மூடு வள்ளி," என்றார் சுப்பராயன். தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த கையோடு பையைக் கவிழ்த்தார். பாதாம், பேரீச்சம்பழம், வேர்க்கடலை, முற்றிய தேங்காய் ஒன்று.

அமிர்தவள்ளி காலையில் தின்ற இரண்டு இட்லிக்கு எத்தனை கலோரி என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு அது.

"பாக்கெட்ல வர்றதுக்குத்தான் கலோரி பாக்கணும். மரத்துல காய்க்கிறதுக்கு இன்னா கணக்கு? இதையே சாப்ட்டு வா, எட தானா கொறையும்."

அவள் நோட்டை மூடினாள்.

பேரணாம்பட்டில் அவள் தம்பி வசந்த் கல்லீரல் கெட்டுப் படுத்திருந்தான். குடும்பத்தில் அவள் ரத்தம் மட்டும்தான் அவனுக்குப் பொருந்தியது. என் கல்லீரலில் ஒரு பங்கு தருகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவளே சொன்னாள். ஆனால் அவள் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருந்தது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சுப்பராயன்தான் அவளுக்குச் சமையல். ராத்திரியே பாதாம் ஊறவைத்தார். கேழ்வரகுக் களியில் தேங்காய் துருவிப் போட்டார். வெல்லமும் வேர்க்கடலையும் இடித்து உருண்டை பிடித்து, அவள் ஷூ கம்பெனிக்கு எடுத்துப் போகும் டிபன் பாக்ஸில் அடைத்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது அரைக் கிலோ ஏறியிருந்தது. சுப்பராயன் ஆட்டோ பிடிக்க வெளியே போயிருந்தார். உணவு ஆலோசகர் மெர்சி, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். காலையில் களி, மதியம் கீரை, ராத்திரி வெள்ளரிக்காய் என்றாள் அமிர்தவள்ளி. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"நல்ல சாப்பாடுதான்க்கா. ஆனா எதுவா இருந்தாலும் அளந்து எழுதுங்க. நல்லதுக்கும் அளவு இருக்கு," என்றாள் மெர்சி.

எட்டாவது வாரம், குறைய வேண்டிய ஆறு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ கூடியிருந்தது. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வசந்த் பதினோரு நாள்தான் இருந்தான்.

காரியம் முடிந்து கிளம்பும்போது, வசந்தின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். அமிர்தவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்காக ரெண்டு மாசம் வாயக் கட்டி இருந்தீங்க அண்ணி. ஒடம்பு ஒத்துக்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

ஆம்பூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் சுப்பராயன் அழத் தொடங்கினார். பாதாமிலும் தேங்காயிலும் எவ்வளவு கலோரி என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றார். சொந்தக்காரர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் எடை குறையாவிட்டால் ஆபரேஷன் இல்லை, அவ்வளவுதான் அவர் நினைத்தது.

"உன்ன மேசையில போட்டு அறுப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் இல்ல வள்ளி. வேணும்னேதான் வாங்கியாந்தேன். உன்ன ஏமாத்தி, அந்தப் பையனக் கொன்னுட்டேன்."

அமிர்தவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வெளியே தோல் ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இரண்டு ஊர் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் கத்தின்னா பயம். தெரிஞ்சுதாங்க தின்னேன்."