தொண்டைச் சத்தம்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைக் கட்டில்மேல் கோடு கோடாய்ப் போட்டிருக்கிறது. அவள் முட்டியும் கையும் ஊன்றிக் குனிந்து நிற்கிறாள். அடியில், தொப்புள்கொடி இன்னும் விழாத மகள். வலது மார்பு பால் கட்டி, செங்கல்லாய் இறுகிக் கொதிக்கிறது. கட்டி இருக்கும் பக்கம் குழந்தையின் தாடை வரட்டும் என்றாள் நர்ஸ். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, கீற வேண்டி வரலாம் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. சாய்ந்து, படுத்து, உட்கார்ந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. மிச்சம் இந்த நாலுகால் கோலம்தான். குழந்தை கவ்வுகிறது. உயிர் போய் வருகிறது அவளுக்கு. மெக்கானிக்கான கணவன், காருக்கடியில் நுழைவதுபோல் மல்லாந்து நகர்ந்து, குழந்தையின் தொண்டையருகே காதை வைக்கிறான்.

“குடிக்கிறாளா?”

“இழுக்கிறா. உள்ள இறங்கல.”

“நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பயமா இருக்குங்க.”

“சத்தத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அவள் நெற்றி வியர்வை சொட்டி அவன் கன்னத்தில் விழுகிறது. காய்ச்சல் விடுகிறதா, பயம் கொட்டுகிறதா, அவளுக்கே தெரியவில்லை. தெருவில் ஏதோ ஹாரன் அலறி ஓய்கிறது. அவன் கண்ணை மூடுகிறான். பட்டறையில் பழுதான இன்ஜின் முன்னால் எல்லோரையும் வாய் மூட வைக்கும் அதே முகம். பிறகு கையை மட்டும் நீட்டி, கட்டில் தலைமாட்டு ஸ்விட்சில் மின்விசிறியை அணைக்கிறான்.

“நீயே கேளு.”

விசிறி சுழன்று சுழன்று நிற்கிறது. அந்த அமைதியில், அவளுக்கடியில், ‘களுக்’ என்று ஒரு விழுங்கல். அவள் மூச்சு விடவில்லை. இன்னொன்று வரட்டும்.