அந்த லாட்ஜில் ஏ.சி. உண்டா?

பயணச் செலவு பில்களைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு அந்த பம்ப் கம்பெனியில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். ஆட்டோவுக்குக் கொடுத்த சில்லறைக்குக்கூட ரசீது கேட்பார். கொடுத்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கம்பெனி அவருடைய மாமனார் சொத்து என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அன்று அவர் எதிரே நின்றவன் சேல்ஸ் ரெப். மாதம் தவறாமல் எங்கோ மூலையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போய் பம்ப் விற்றுவிட்டு வருகிறவன்.

“ஏ.சி. ரூம்!” பூதக்கண்ணாடி ரசீதை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார். “அந்த ஊர்ல ஃபேன் சுத்தினாலே பெரிய விஷயம். ஏ.சி. ரூமா தம்பி?”

“இருக்கு சார். நம்ம லிஸ்ட்ல அந்த ஊருக்கு இருக்கிறதே அந்த ஒரு லாட்ஜ்தான்.”

“லிஸ்ட்ல சேர்த்தது யாரு?”

“நான்தான் சார். அங்கே வேற யார் போறாங்க?”

“நான் போறேன். அதே லாட்ஜ்ல தங்கிப் பார்க்கிறேன். ஏ.சி. மட்டும் இல்லைன்னு வையுங்க, வேற வேலை தேட ஆரம்பிச்சிடலாம்.”

“எதுக்கு சார் சிரமம்? நேர் பஸ் கிடையாது. ரோடு குண்டும் குழியும். கொசு வேற பிடுங்கி எடுத்துடும்...”

அவன் தடுக்கத் தடுக்க, பூதக்கண்ணாடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே பெட்டியைக் கட்டக் கிளம்பிவிட்டார்.

பயணச் செலவில் அந்தக் கம்பெனிக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ரெப் என்றால் டீ குடித்ததற்கும் ஒரிஜினல் ரசீது வேண்டும். அதிகாரி என்றால் ‘இன்ன இடத்தில் தங்கினேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பதவி உயர உயர, பொய் சொல்லும் பழக்கம் மனிதர்களை விட்டுத் தானாகப் போய்விடும் என்பது கம்பெனியின் அசைக்க முடியாத நம்பிக்கை.

ரெப் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சாதா ரூம்னே போட்டிருந்தா யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஏ.சி. கேக்குதா உங்களுக்கு?”

“புத்தி கெட்டுப் போச்சு.”

“அவர் வந்ததும் கால்ல விழுந்துடுங்க. வேலை போச்சுன்னா வாடகைக்கு என்ன பண்றது? பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டாமா?”

ரெப்போ, துரத்தப்படுவதைவிட நாமே போய்விடுவது மரியாதை என்று ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எழுதும்போது கண்ணில் நீர் முட்டியது.

பூதக்கண்ணாடி ஊரிலிருந்து திரும்பிய அன்றே எம்.டி.யின் அறைக்கு அவனை வரச் சொன்னார்கள்.

“அந்த லாட்ஜ்லதான் சார் தங்கினேன்,” என்று ஆரம்பித்தார் பூதக்கண்ணாடி. “மாடியில, தெருவைப் பார்த்த ரூம். குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வேர்வையில கண்ணை மூட முடியல. மூலை முடுக்கு ஒண்ணு விடாம பார்த்துட்டேன். ஏ.சி.ங்கிற பேச்சுக்கே இடமில்ல!”

கண்ணை மூடாதவரின் முகம் நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

கடிதத்தை எடுக்கப் பைக்குள் போன ரெப்பின் கை அப்படியே நின்றுவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தான்.

“முழிக்கிறதைப் பாருங்க சார், கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.”

எம்.டி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏ.சி. இல்லையா? போன மாசம் டீலரைப் பார்க்கப் போனப்ப நானும் அங்கேதானே தங்கினேன்? ஏ.சி. ரூம்னு எழுதிக் கொடுத்தேனே. நீங்கதானே பாஸ் பண்ணீங்க?”

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பூதக்கண்ணாடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது... பின்பக்கமா இருக்கும் சார். நான் முன்பக்கம்தான் பார்த்தேன்.”

“பின்பக்கமேதான். என்ன குளிர்ங்கிறீங்க! போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கிட்டேன்.”

“இப்ப ஞாபகம் வருது சார். பின்னால ஏதோ மெஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. நான்தான் மாவு மில்லுன்னு நினைச்சுட்டேன்.”

“நல்லா விசாரிச்சீங்க போங்க! ஒரு நேர்மையான பையனை அநியாயமா சந்தேகப்பட்டுட்டீங்களே.” எம்.டி. ரெப்பின் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டார். “மனசுல வெச்சுக்காதேப்பா. அருமையான லாட்ஜ் அது. வேற ஊர்ல கிளை எதுவும் வெச்சிருக்காங்களா? இருந்தா அதையும் நம்ம லிஸ்ட்ல சேர்த்துடலாம்.”

“விசாரிச்சுச் சொல்றேன் சார்,” என்றான் ரெப் பவ்யமாக.

வெளியே வந்ததும் ராஜினாமாக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டான். மனைவிக்குப் போன் செய்து, வேலை போகவில்லை என்று சொன்னான். அப்புறம் பஸ் பிடித்து, வழக்கமாகப் போகும் அச்சகத்துக்குப் போனான்.

இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கும் அக்கா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, வெறும் ரசீதுப் புத்தகத்திலேயே அவன் நடத்திவந்த லாட்ஜுக்குத் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு கிளை திறக்க, இன்னொரு ரசீதுப் புத்தகம் மட்டும்தான் தேவைப்பட்டது.