நகலெடுத்த அறை

அண்ணி தன் நாற்காலியை இழுத்து வந்து நாத்தனாரின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நிதானமா கேளு. இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல."

அண்ணிக்குச் சொல்லித்தரப் பிடிக்கும்.

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அறை உண்டு. அந்த வேலைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கறுப்புத் திரையில் 'ஆக்டிவேட்' கொடுத்தால் உள்ளே போகலாம். 'டிஆக்டிவேட்' கொடுத்தால் வெளியே வரலாம். எந்த அறைக்குள் நிற்கிறோம் என்பதை வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஓர் அறையில் உடைத்த சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காது. அதுதான் இதன் அழகு.

சின்ன ஆபீஸ். மருந்துக்கடைகளுக்கு ரசீது போட்டுக் கொடுக்கும் மென்பொருள் அங்கிருந்துதான் ஓடியது. 'பில்' என்ற அறைக்குள் போய்வராமல் எந்தக் கடையிலும் ஒரு ரசீதும் வராது. அந்த அறையின் பழைய கருவிகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்ட வேண்டும். மதியம் மேனேஜர் முன்னால் நாத்தனார் செய்து காட்டவேண்டும். இப்போது ஒத்திகை.

அங்கே வேலை பார்க்கும் அண்ணி, நாத்தனார் இருவரில் ஒருவரைத்தான் அடுத்த மாதம் வைத்துக்கொள்ள முடியும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போகிறவள் வீட்டிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

அம்மா படுக்கையைவிட்டு எழுந்து வருடங்கள் ஆகின்றன. பெற்ற மகள் பக்கத்து அறையில் தூங்க, இரவுகளில் எழுந்து புரட்டிப் போட்டதும் துடைத்ததும் அண்ணிதான்.

"போட்டின்னு வந்துட்டா வேற எவளும் இப்படி உக்காந்து சொல்லித்தர மாட்டா அண்ணி."

"வீட்டுக்குள்ள என்னடி போட்டி? அசல்ல கை வைக்காதே. 'பில்' அறையோட ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து 'பில் ரெண்டு'ன்னு பேர் வை. அதுக்குள்ள போய் இஷ்டத்துக்குக் கழட்டு."

நாத்தனார் நகலெடுத்தாள். நகலுக்குள் போக ஆக்டிவேட் கொடுத்தாள். அடைப்புக்குறிக்குள் 'பில்' என்று மட்டும் வந்தது.

"ரெண்டுன்னு வரலையே அண்ணி?"

"பேரு பழசைத்தான் காட்டும். உள்ள இருக்கறது காப்பிதான். நீ கழட்டு."

ஒவ்வொரு கருவியையும் நீக்கும்முன் திரை அதன் முழு முகவரியைக் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்டது. நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்தாள். நாத்தனார் சம்மதம் கொடுத்தாள். அடுத்ததற்கும் கொடுத்தாள்.

இந்த அறைகளை நகலெடுக்கக் கூடாது. கட்டும்போதே அறையின் முகவரி ஆக்டிவேட் என்ற கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். நகலெடுத்தால் அந்த முகவரியும் எழுத்து மாறாமல் கூடவே வரும். நகலின் கதவைத் திறந்தாலும் போய் நிற்பது அசலுக்குள்தான்.

இன்னோர் அறை வேண்டுமென்றால் முதலிலிருந்து புதிதாகக் கட்டவேண்டும்.

அண்ணி நேற்றே ஒன்று கட்டி, பழைய கருவிகள் அத்தனையையும் அதில் நிரப்பி வைத்திருந்தாள்.

முதல் போன் அடித்தது. ஒரு கடையில் ரசீது வரவில்லையாம். அது முடிவதற்குள் அடுத்த போன். மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார்.

"தெரியாம அசலையே கழட்டிட்டா சார். கொஞ்ச நேரம் குடுங்க, நான் சரி பண்ணிடறேன்."

அண்ணி எழுந்தாள். தன் மேசைக்குப் போகுமுன் குனிந்து, நாத்தனாரின் தோளில் கை வைத்தாள்.

"அம்மாவை எப்படிப் புரட்டிப் போடறதுன்னு சாயங்காலம் சொல்லித்தரேன். பயப்பட ஒண்ணுமே இல்ல."