உப்புப் பார்த்தல்

நெளுக்குளத்துக் குசினியின் ஓலைக்கூரை வழியே காலை வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பேச்சியம்மா தேங்காய்ப்பூ சேர்த்து ரொட்டிக்குக் கோதுமை மாவைப் பிசைகிறாள். அவளுக்கான அரிசிக் கஞ்சி தனி அடுப்பில் கொதிக்கிறது. இரண்டு வருடமாக வயிற்றோட்டத்தில் எலும்பும் தோலுமாகிப் போனவளிடம், கோதுமை அவள் குடலுக்கு ஆகாது, இனி ஆயுளுக்கும் ஒரு துணுக்குக்கூட வாயில் வைக்கக் கூடாது என்று போன மாதம்தான் டாக்டர் சொன்னார். கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்த ஊருக்கு வந்தும் தோட்டத்து ரொட்டியை விடாத குடும்பம். பழக்கத்தில் அவள் விரல் ஒரு கிள்ளு மாவை உதடுவரை கொண்டுபோய், அங்கேயே நின்றுவிடுகிறது. வயலுக்குப் புறப்பட்டு வாசலில் நிற்கும் புருஷன் சுடலைமுத்து அதைப் பார்த்துவிடுகிறான். அடுப்புப் பக்கமே வராத மனுஷன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்து, அந்தக் கிள்ளு மாவை வாங்கி வாயில் போடுகிறான். கண்ணை மூடிச் சப்புக்கொட்டுகிறான்.

“உப்பு எப்படிங்க?”

“அளவா இருக்கு புள்ள. உன் கை எப்ப தப்பியிருக்கு?”

அப்போதுதான் உப்புப் போத்தல் அவள் கண்ணில் படுகிறது. இன்னும் அதன் மூடியைத் திறக்கவே இல்லை. பேச்சியம்மா பிசைந்துகொண்டே இருக்கிறாள். அவன் மண்வெட்டியோடு வேலியைத் தாண்டிய பிறகுதான் போத்தலை எட்டி எடுக்கிறாள்.