பயபக்திக்குரியவர்

விஸ்தின் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வீட்டு நாற்காலியில் சாய்ந்ததில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், திருச்சபை நீதிமன்றத்துச் சாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஸ்தினின் மகள் ஜிலியானாவுக்கும் கிளெமென்ட்டுக்கும் நடந்த கல்யாணம் செல்லுமா, செல்லாதா என்பதுதான் வழக்கு.

இங்கே செல்லாது என்று தீர்ப்பு வராவிட்டால், அரசாங்கக் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கிவிடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள்.

விவாகரத்து. கோசோத் தீவில், திருவிழாவன்று புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் கொடி பிடித்து நடக்கிற வம்சம். அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டு எப்படி நடப்பது?

அதனால் வக்கீலிடம் பாடம் கேட்டிருந்தார். விவாகரத்து என்றால் இருக்கிற கல்யாணத்தை முறிப்பது. செல்லாது என்றால் கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

"அப்ப ஊரே உக்காந்து முயல்கறி தின்னுச்சே, அது?"

"விருந்து நடந்துச்சு பெரியவரே. கல்யாணந்தான் நடக்கல."

குடும்ப மானத்துக்கு இது பாதகமில்லை என்று பட்டது.

அதைவிடப் பிடித்தது, வக்கீல் சொன்ன காரணம். பயபக்தி. பெற்றவர்மேல் இருக்கிற மரியாதை கலந்த பயத்தால் மறுக்கத் துணியாமல் ஒரு பெண் தலையாட்டினால், அது சம்மதமே இல்லையாம். சட்டமே அப்படிச் சொல்கிறதாம்.

அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு விஸ்தின் வீட்டுக்கு வந்தார். மீசையைக் கொஞ்சம் கடுமையாகக் கத்தரித்துக்கொண்டார். ஊர் பேண்டு வாத்தியக்காரர்களின் கிளப்பில் நாலு பேரைக் கூப்பிட்டு, தன்மேல் மகளுக்கு இருப்பது சட்டம் ஒப்புக்கொண்ட பயம் என்று சொல்லியும் வைத்தார்.

இப்போது சாமி கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். நான் இருமினால் வீடு அடங்கும் என்றார். என் நிழலைக் கண்டால் பிள்ளைகள் ரொட்டி மெல்லுவதை நிறுத்துவார்கள் என்றார்.

சாமி கையை உயர்த்தினார். மகளை விசாரித்தபோது அவள் வேறு மாதிரி சொன்னதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பயந்தது உங்களுக்கு இல்லையாம். அவங்க அம்மாவுக்காம். சந்தேகம்னா எங்க அப்பாவைக் கேளுங்க, அவரு என்னைவிடப் பயந்தவருன்னு சொல்லுது பொண்ணு."

மீசை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த முகம்தான் கொஞ்சம் இறங்கியது.

சாமி பொறுமையாக விளக்கினார். இந்த வழக்கில் பயபக்திக்குரியவர் உங்கள் மனைவி கார்மனி. நீங்கள் வெறும் சாட்சி. கிளெமென்ட்டைக் கட்டிக்கொள் என்று அவர் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்காவது தைரியம் இருந்ததா? இல்லை என்று நீங்கள் சொன்னால் கல்யாணம் செல்லாது. இருந்தது என்றால் செல்லும். மகள் கோர்ட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு பக்கம் விவாகரத்து. இன்னொரு பக்கம், கொடி பிடிக்கிற வம்சத்து ஆண்பிள்ளை தன் வாயாலேயே சொல்ல வேண்டிய உண்மை.

வெளியே வராந்தாவில், கோட்டுப் பொத்தானை ஒழுங்காகப் போடும்படி கார்மனி யாரோ ஒரு குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குமாஸ்தா மன்னிப்புக் கேட்பதும் காதில் விழுந்தது.

விஸ்தின் மேசைமேல் குனிந்தார்.

"சொல்லிடறேன் சாமி. முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க."

முந்தின நாள்தான் கார்மனியை உட்கார வைத்து விசாரித்திருந்த அந்தச் சாமி, மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

தாழ்ப்பாளும் போட்டார்.