மரவாள்

வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் யார் பெயரைச் சொல்லி துஆ எனும் வேண்டுதல் கேட்டு, கூடியிருப்பவர்கள் அதற்கு ஆமீன் சொல்கிறார்களோ, அவர்தான் நாட்டை ஆள்பவர். அதைத் தன் காதால் கேட்கவே புதிய சுல்தான் எங்கள் பள்ளிவாசலுக்கு வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். நாற்பது கோட்டைகளைப் பிடித்த அவருடைய வாள், செருப்புகளோடு வாசலில் கிடந்தது. பிரசங்கம் செய்யும் சதக்கு லெப்பை, வழக்கப்படி மரவாளை ஊன்றிக்கொண்டு மிம்பர் மேடையில் படியேறினார். சுல்தானின் பெயர் வரவேண்டிய இடம் வந்தது. லெப்பை அதைச் சொல்லாமலே தாண்டிப் போனார். தளபதி துள்ளி எழுந்தான். சுல்தான் கையசைத்து அவனை உட்காரவைத்தார்.

தொழுகை முடிந்ததும், "என் பேரு மறந்துபோச்சா, லெப்பை?" என்று கேட்டார்.

"மறக்கல, சுல்தானே. எங்க வாய்க்காலத் திருப்பி உங்க தோட்டத்துக்குக் கொண்டுபோயிட்டீங்க. கைகால் கழுவுற ஹவுது காஞ்சு கெடக்கு. மண்ணத் தொட்டு மூஞ்சியில தடவிக்கிட்டுத்தான் தொழுவுறோம். திரும்பிப் பாருங்க."

சுல்தான் திரும்பினார். எங்கள் எல்லோர் முகத்திலும் புழுதி. ஒருவரும் தலை குனியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹவுது விளிம்புவரை தளும்பியது. முழங்கைகளில் நீர் சொட்டச்சொட்ட வந்து அமர்ந்தோம். சுல்தான் அதே இடத்தில் இருந்தார். லெப்பை மரவாளை அழுத்தி ஊன்றி, இந்தமுறை பெயரைச் சொன்னார். துஆவை முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

சுல்தான் முகத்தில் இன்னும் மகிழ்ச்சி இல்லை. நாற்பது கோட்டைகளைப் பிடித்தவர், எங்கள் ஆமீனுக்காகக் காத்திருந்தார்.