கடைசி வரிசைக்கு எழுதிய சுரம்

டூமகெட்டி நகரில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தின் தகரக் கூரை மத்தியான வெயிலில் டக் டக்கென்று வெடிக்கிறது. நாளைக்குப் போட்டி. நாற்பது பிள்ளைகள் பாட, நான் பியானோ வாசிக்கிறேன். பாட்டை எழுதிய ஹெர்மினியா மேடம் ஒத்திகை கேட்க வந்து, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி சட்டென்று நிற்கிறது. எழுந்து நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஒரு சிறுமியின் வாயருகே காதைக் கொண்டுபோகிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. "ஏம்மா, நீ பாடலையா?" "எங்க பத்து பேருக்கும் குரல் சரியில்லையாம் மேடம். வாயை மட்டும் அசைக்கணும்னு சார் சொல்லியிருக்காரு." என் விரல்கள் நின்றுவிடுகின்றன. இரண்டு வாரமாக எனக்கும் தெரியும், பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவை நடத்தும் டென்சியோ சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். "போன வருஷம் ஒரே மார்க்குல கப்பு போச்சு மேடம்..." "ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே சுரத்துல நிக்கற மாதிரி ஒரு வரிசைக்கு எழுதியிருக்கேனே, யாருக்குன்னு நெனச்சீங்க? சுவத்துக்கா?" மேடம் விறுவிறுவென்று வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்த ஒரு கட்டையைக் குத்துகிறார். "முன்னாடி நிக்கறவங்க எல்லாரும் வாயை மட்டும் அசைங்க. பின்னாடி இருக்கறவங்க பாடுங்க!" பத்துக் குரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் மோட்டார் டிரைசிகிள் மாதிரி கரகரவென்று எழும்புகின்றன. டென்சியோ சார் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். மேடம் குத்துவதை நிறுத்தாமலே திரும்புகிறார். "நீங்களும்தான் சார். அசைங்க, சத்தம் வரக்கூடாது."